உன் முகூர்த்தப் புடவையில் திரும்பிப்போன சங்கு

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போடப்போவதாகச் சொன்ன அந்த வீடியோவைப் போடாதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீ நிதானமாகப் படிக்கலாம். வியாழக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு முன்னாடியே தெரியும்னு ஒத்துக்கினு ஒரு சாரி சொல்லிடறேன்பா. அதோட விட்டுடுவாங்க." நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பாவுக்குத்தான் வாய் வரவில்லை. நீ ஒப்புக்கொள்ளப்போகிற குற்றத்தை நீ செய்யவில்லை என்பது எல்லோரையும்விட எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அதைச் செய்தவன் நான்.

இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன் என்றாலும் உனக்கு மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன், நீ படித்த பிறகு உன் சேனலிலேயே இதைப் போட்டுவிடு. எனவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாலு வருஷத்துக்கு முன் 'நெடுவெளி' படத்தின் முதல் பாகம் வந்தபோது என்னையும் உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாய். பூமியை விட்டுப் புறப்பட்ட கடைசி ஜனங்கள் ஒரு விண்கலத்தில் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று கதை. இடைவேளைக்கு முன்பே நான் தூங்கிவிட்டேன். நீ விலாவில் இடித்து எழுப்பினாய். இத்தனை பேர் இத்தனை தூரம் போகிறார்களே, ஒருத்தர் துணியிலாவது ஒரு கரை உண்டா, எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு சண்டை போட்டாய். ஆனால் அந்தச் சாம்பல் சட்டைகளின் மார்பில் ஒரு சங்கு இருந்தது, வலப்பக்கமாகச் சுழிந்த சங்கு. அது மட்டும் என் கண்ணில் நின்றது. பட்டில் நெய்தால் நல்ல புட்டா வரும் என்று அப்போதே நினைத்தேன்.

அந்த மாதமே நீ அந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சேனல் ஆரம்பித்தாய். முதல் நாளிலிருந்து நானும் அதில் இருக்கிறேன், வேறு ஒரு பெயரில். ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் ஆளாகக் கட்டை விரலை அமுக்குகிற அந்தச் சூரியகாந்திப் பூ படக்காரன் நான்தான். நீ பேசுவது பாதி புரியாது. புரிந்த பாதியில், கப்பலுக்குள் துரோகி ஒருவன் இருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்ல, இல்லவே இல்லை என்று நீ அடித்துப் பேசுவாய். வலச்சங்கு அணிந்தவர்கள் யாரும் யாரையும் விற்க மாட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கே அந்தக் கப்பலில் ஏறிவிடலாம் போல இருந்தது. எத்தனையோ பேர் உன்னை நம்பினார்கள்.

பிறகு இந்த மாதம் இரண்டாம் பாகம் வந்தது. கடைசிக் காட்சியில் கப்பலின் தலைவியே மேலங்கியை விலக்க, உள்ளே இடப்பக்கமாகச் சுழிந்த சங்கு. எல்லோரையும் முதலிலேயே எதிரிக்கு விற்றவள் அவள்தான். கொட்டகையில் சிலர் அழுதார்களாம், சிலர் நாற்காலியைக் கிழித்தார்களாம். நாலு வருஷம் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அவர்களுக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, பாப்பா. ஆனால் படம் எடுத்தவர்கள் உயரமான மதிலுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய்.

மூன்றாம் நாள் உன் கல்யாணப் படம் வெளியே வந்தது. போன தை மாதம் எடுத்த படம். அரக்குப் பட்டில் நீ மணவறையில் உட்கார்ந்திருக்கிறாய், முந்தி மடியில் விரிந்து கிடக்கிறது. அதில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பெரிதாக்கி வைத்திருந்தார்கள். முந்தி முழுக்க ஜரிகைச் சங்கு. எல்லாம் இடப்பக்கம் சுழிந்தவை. இரண்டாம் பாகம் வருவதற்கு எட்டு மாதம் முன்பே உன் முந்தியில் துரோகிகளின் சின்னம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். உனக்கு முன்பே தெரியும், படக் கம்பெனி உன்னை வாங்கிவிட்டது, தெரிந்துகொண்டே எல்லோரையும் ஏமாற்றினாய் என்றார்கள். கரையில் எத்தனை கோடு என்று எண்ணினார்கள். நீ படத்தில் சிரிக்கிற சிரிப்புக்குக்கூட ஒருவன் அர்த்தம் எழுதியிருந்தான். உன் ஆபீஸ் எந்தக் கட்டிடம் என்று ஒருவன் போட்டான். நம் தெருப் பெயரை இன்னொருவன் போட்டான். ஞாயிறு பத்து மணிக்கு நீ பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் காஞ்சிபுரத்துக்கு நேரில் வந்து கேட்போம் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அப்படி ஒருவரும் இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நான் நெய்கிறவன் அல்ல, நெய்கிறவர்களுக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுக்கிறவன். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, புள்ளிக்கு ஒரு துளையாக அட்டையில் அடித்து, அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கொடுப்பேன். தறிக்கு மேலே அந்தச் சரம் சுற்றச் சுற்றக் கீழே துணியில் படம் விழும். முப்பது வருஷத்தில் என் அட்டை திரும்பி வந்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு நானே அதற்கு ரசிகனாகிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு உனக்குத் தெரியாமல் உன் சங்கை முந்தியில் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது எனக்கு வலது கண்ணில் புரை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அட்டைகளை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிக் கோத்துவிட்டேன். அட்டை திரும்பினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி விழும். மயிலாக இருந்தால் ஒன்றும் இல்லை, மயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில்தான். அன்னம், மாங்காய், யாளி எதற்கும் கவலை இல்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் இதைப் பெரிய தப்பாகவே எண்ணுவதில்லை.

ஆனால் சங்குக்குப் பக்கம் உண்டு. ஒரு சாண் நெய்ததுமே பக்கத்துத் தெரு ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் தறியில்தான் ஓடியது. "அண்ணா, நீ குட்த்த போட்டோல வலமா சுத்துது. இங்க இடமா வந்துக்கினு இருக்குது. அட்டைய கழட்டி மாத்திடலாமா?" என்றான். சரத்தைக் கழற்றி மாற்றினால் அந்த ஒரு சாணை வெட்டி எறிய வேண்டும், என் அட்டை திரும்பி வந்தது என்று தெருவெல்லாம் தெரியும். "அது அப்படித்தான் ஏகாம்பரம், ஓட்டு" என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட்டினான். கல்யாணத்தன்று நீ முந்தியைத் தடவிப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்கும் அந்தச் சந்தோஷத்தில் பக்கம் தெரியவில்லை. இன்று உன்னைத் துரோகி என்கிறார்களே, அதற்கு ஆதாரம் அவ்வளவுதான். ஒரு புரைக் கண்ணும் ஒரு வீம்பும்.

உன் கல்யாணப் படம் வெளியே வந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பத்து நாள் சும்மா இருந்தேன். அடங்கிவிடும் என்று நினைத்தேன். உன் அம்மாவிடம் இந்த வியாழக்கிழமைதான் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள். வாசல் கொடியில் உலர்த்துகிற துணியையெல்லாம் உள்ளே கொண்டுபோய்விட்டாள், கதவைச் சாத்தியே வைக்கிறாள்.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை மதியம், உன் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இஞ்சினீயரிங் படித்த பையன்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஐயா ஐயா என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் அந்த அட்டைச் சரத்தை எடுத்துவந்து காட்டினேன். வெளியாருக்கு என் தப்பைக் காட்டியது அதுதான் முதல் தடவை. கண்ணாடி போட்டிருந்தவன் கெட்டிக்காரன். ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், ஒரு நிமிஷத்தில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவன் அட்டையைப் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"புரியுதுங்கய்யா. ஆனா இத இப்ப யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இத்தினி பேரு இத்தினி நாளா பேசிட்டாங்க. அட்டை திரும்பிடுச்சுன்னு போய் சொன்னா, அப்ப நாங்க பேசினதெல்லாம் இன்னா ஆவறது?"

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். போகும்போது நம் கதவு எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு முதுகு சில்லிட்டுப்போனது அவன் மிரட்டியதால் அல்ல, அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருந்ததால்.

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் நான் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். அதை நான் பெருமையாகச் சொல்லி நீ கேட்டிருப்பாய். பாதியைத்தான் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்ளும். டவுன் தியேட்டரில் அரை மணி முன்னால் ஆரம்பிப்பார்கள். அங்கே ஓடி முடிந்த சுருள் டப்பாக்களைச் சைக்கிளில் வைத்து ஐயம்பேட்டை டென்ட் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் நடிகரின் படம் என்றால் அந்த வேலையை நான் சண்டை போட்டு வாங்கிக்கொள்வேன். வழியில் மன்றத்து வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள். கோயிலில் பெரிய மனிதர்களுக்குப் பரிவட்டம் கட்டுவதுபோல் பெட்டிக்குப் பட்டுத்துணி கட்டி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அன்று மாலை ஒருவன் எங்கள் ஆள் உயிர்விடுகிற காட்சி இருக்கும் டப்பாவைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றான். பெட்டியைத் திறந்தோம். எடுத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். நேரமாகிவிட்டது என்று அவசரமாக மூடிக்கொண்டு மிதித்தேன். அந்த டப்பா மன்றத்துப் பலகையிலேயே தங்கிவிட்டது.

கொட்டகையில் படம் அந்தக் காட்சியைத் தாண்டிக் குதித்தது. உயிரோடு நின்றுகொண்டிருந்தவருக்கு அடுத்த நிமிஷம் சமாதியில் மாலை போடுகிறார்கள். சாவையே காணோம். ஜனம் எழுந்துவிட்டது. ஆபரேட்டர் தனபால் மேலிருந்து, ஒரு டப்பா வரவில்லை என்று கத்தினார். யாரோ அவருடைய தகரப் பெட்டியின் உள்மூடியில் எதிர் நடிகரின் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார்கள். அது போதுமே, ஆதாரம் கிடைத்துவிட்டது. வேண்டுமென்றே வெட்டிவிட்டான் என்றார்கள். அப்போது எங்கள் மன்றத் தலைவர் என் பக்கம் திரும்பி, "நீதானே கொண்டாந்த, எல்லா டப்பாவும் இருந்திச்சா?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியில் பலகையும் கற்பூரத் தட்டும் கண்முன் வந்தன. "இருந்திச்சி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான்.

தனபாலைக் கீழே இழுத்தார்கள். நான் அடிக்கவில்லை, கூட்டத்தில் நின்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரே, ஆமாம், நான்தான் வெட்டினேன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவரே ஒப்புக்கொண்டாரே என்று நாற்பது வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். அவர் வலது கை அன்றோடு போனது. மறுநாள் காலையில் மன்றத்தில் டப்பாவைப் பார்த்துவிட்டு மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். இப்போது சொன்னால் நேற்று செய்ததெல்லாம் என்ன ஆவது என்று அவர்கள் கேட்டார்கள். நான் ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்று மடுவில் டப்பாவைப் போட்டுவிட்டு வந்தேன். கண்ணாடிப் பையன் புதன்கிழமை பேசியபோது எனக்கு ஏன் முதுகு சில்லிட்டது என்று இப்போது புரிகிறதா?

நீ ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்று போனில் சொன்ன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து முசரவாக்கம் போனேன். தனபால் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. இடது கையால் டம்ளரை நீட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டப்பா, பலகை, மடு, எல்லாம். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நீ கீழ நின்னுக்கினு 'இருந்திச்சி'ன்னு சொன்னது எனக்குக் காதுல விழுந்திச்சுப்பா" என்றார். "உன் மூஞ்சியையும் பாத்தேன்."

பிறகு, வெட்டியதாக ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். நாற்பது வருஷத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

"ஒத்துக்கினா விட்டுடுவாங்கன்னு நெனைச்சேன்" என்றார். "அதுவரைக்கும் சும்மா தள்ளிக்கினு, சட்டைய கிழிச்சிக்கினுதான் இருந்தாங்க. பாதி பேருக்கு சந்தேகம் இருந்திச்சி. நான் ஆமான்னு சொன்னப்புறம்தான்பா கைய ஒடைச்சாங்க."

பாப்பா, இதற்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் அவரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறீர்கள். விட்டுவிடுவார்கள் என்கிறாய். விடமாட்டார்கள். இன்று அவர்களில் பாதிப் பேருக்காவது உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஒரு புடவையை வைத்து இவ்வளவா என்று. உன்னை இப்போது காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தச் சந்தேகம் ஒன்றுதான். நீ ஆமாம் என்று சொன்னால் அதுவும் போய்விடும். செய்யாததைச் செய்தேன் என்று சமாதானத்துக்காகக்கூடச் சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் சொல், இரண்டு பேரும் கொஞ்ச நாள் அவர் அக்கா வீட்டில் இருங்கள். போலீசில் எழுதிக் கொடுங்கள். புடவையை எரிக்கவோ வெட்டவோ வேண்டாம், அது உன்னுடையது. தப்பு மட்டும்தான் என்னுடையது.

இதைப் படித்துவிட்டு அவர்கள் நம்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மகளைக் காப்பாற்ற அப்பன் கட்டிய கதை என்பார்கள். கம்பெனி எழுதிக் கொடுத்தது என்பார்கள். இந்தக் கடிதத்தில் சங்கு என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒருவன் எண்ணுவான். எண்ணட்டும். அன்று கொட்டகையில் ஒருவன், ஒரே ஒருவன், இருந்திச்சி என்பதற்குப் பதில் இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஜனம் நம்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. என்னையும் சேர்த்து அடித்திருக்கலாம். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நாளை பத்து மணிக்கு அட்டைச் சரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காரப்போகிறேன். ஏகாம்பரமும் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். வருகிறவர்களிடம் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிக் காட்டுவேன்.

இதை எழுதி முடிக்கும்போது சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வெளிச்சம் போதவில்லை என்று கதவைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் போன் சத்தம் கொடுத்தது. உன் சேனலின் கீழே யாரோ ஒரு படம் போட்டிருக்கிறான். நம் வீட்டு வாசல். திறந்த கதவுக்கு உள்ளே, பலகை மேல் காகிதத்தை வைத்துக் குனிந்து எழுதுகிற ஓர் ஆளின் வழுக்கைத் தலை. சிவப்பு வட்டம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. உன் அம்மா சமையல்கட்டிலிருந்து, இரண்டு நாளில் முதல் தடவையாக, கதவைச் சாத்துங்கள் என்கிறாள். நான் சாத்தவில்லை, பாப்பா. வீடியோவைப் போடாதே.

உன் அப்பா